வினா வழுவும் வினவல் நிரலும்

இலக்கியம் பேசும் இடத்தில் தரவுத்தளத்துக்கும் வினவல் நிரலுக்கும் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நிரல் எழுத நாம் அறியோம். தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கல்லூரியில் இலக்கணம் நடத்துகின்ற நமக்கு அதில் புலமை ஏதும் இல்லை. ஆயினும், நிரல் எழுதுவோர் அருகே ஓராண்டுக் காலம் அமர்ந்திருந்து, அவர்கள் படும் பாட்டைக் காணும் வாய்ப்பு நமக்கு அமைந்தது. அதில் பாதிக்கு மேல் நாம் வகுப்பறையில் நாள்தோறும் பேசுகின்ற செய்தியாகவே இருந்தமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

செய்தி இதுதான். எட்டுத்தொகைப் பாடல்களைத் தேடிப் பார்ப்பதற்கென்று நம் துறை மாணவர்களுக்காக ஒரு சிறு வலைச்செயலி 2024ஆம் ஆண்டு உருவாயிற்று. நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் படித்துப் பின்னர் மென்பொருள் துறைக்குச் சென்ற மாணவர் ஒருவர், விடுமுறை நாள்களில் வந்திருந்து அதனை ஆக்கித் தந்தார். தேடல் படிவத்தில் ஆறு கட்டங்கள்: நூல், திணை, பாடியவர், கூற்று, அடியளவு, பாடலில் வரும் சொல். இவற்றுள் எதனையும் நிரப்பலாம், எதனையும் வெறுமையாக விடலாம். ஒருவர் திணையை மட்டும் கேட்பார். இன்னொருவர் திணையோடு கூற்றையும் அடியளவையும் சேர்த்துக் கேட்பார். கட்டங்கள் ஆறே என்றாலும், நிரப்புவதும் விடுவதுமாக 64 வகை வினாக்கள் பிறந்துவிடுகின்றன. அறுபத்து நான்கையும் முன்கூட்டியே எழுதி வைப்பார் இலர். படிவம் வந்த பிறகே வினா உருவாக வேண்டும். மாறும் வினவல் என்று நிரலர்கள் சொல்வது இதனைத்தான்.

இதற்கு நெடுநாளாக வழங்கிவரும் எளிய வழி, துண்டுகளை ஒட்டுவது. தரவுத்தளத்திடம் பேசும் மொழி எஸ்க்யூஎல். ஐபிஎம் நிறுவனத்தில் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட உறவுநிலைக் கோட்பாட்டை அடியாகக் கொண்டு, சேம்பர்லினும் பாய்சும் 1974இல் வடித்த மொழி அது. இன்ன அட்டவணையிலிருந்து இன்னவற்றை எடு என்று கூறி, அதன்பின் ‘வேர்’ என்னும் சொல்லிட்டு நிபந்தனைகளை அடுக்க வேண்டும். (ஆங்கிலச் சொல்லேயாயினும், நிபந்தனைகளெல்லாம் அதிலிருந்தே கிளைப்பதால், ‘வேர்’ என்றே கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றியது.) திணை கேட்கப்பட்டிருந்தால் திணைத் துண்டை ஒட்டு, பாடியவர் கேட்கப்பட்டிருந்தால் ‘உம்’ என்று இணைத்து அந்தத் துண்டை ஒட்டு.

ஒட்டும் இடத்தில்தான் வினையே. இரு துண்டுகளுக்கிடையே ஓர் இடைவெளி விடுபட்டால் இரண்டு சொற்கள் புணர்ந்து ஒன்றாகிவிடும். கணினிக்கு அவற்றைப் பிரித்துப் பொருள் காணத் தெரியாது. முதற் கட்டம் வெறுமையாக இருந்துவிட்டால், ‘வேர்’ என்பதையடுத்து நேராக ‘உம்’ வந்து நிற்கும். இதற்காக நிரலர்கள் ஒரு தந்திரம் செய்வதுண்டு. ‘வேர்’ என்றதும் ‘ஒன்று ஒன்றுக்குச் சமம்’ என்று எவருக்கும் பயன்படாத நிபந்தனை ஒன்றை வைத்துவிட்டு, மற்றவற்றையெல்லாம் ‘உம்’ போட்டு அதன்பின் தொடுப்பார்கள். அதனைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாப்பை நிரப்ப வரும் அசைச்சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பொருள் இல்லை, இடம் நிறைகிறது.

இதைவிடக் கொடியது மேற்கோட்குறி. தேடுபவர் பதிப்பு நூலிலிருந்து ஓரடியைப் படியெடுத்து ஒட்டுகிறார். கூற்றைக் காட்டப் பதிப்பாசிரியர் இட்ட ஒற்றை மேற்கோட்குறி அதனுள் இருக்கிறது. தரவுத்தளமோ அந்தக் குறியோடு சொல் முடிந்தது என்று கருதி, எஞ்சியதைக் கட்டளையாகப் படிக்கத் தொடங்கும். தீங்கு செய்யும் எண்ணம் உள்ளவன், அந்த எஞ்சிய பகுதியில் அட்டவணையை அழித்துவிடு என்றே எழுதலாம். 1998இல் ஃபிராக் என்னும் மின்னிதழ் இந்த ஓட்டையை வெளிப்படையாக எழுதியது. இன்றும் அது அடைபட்டபாடில்லை. இதற்கு மருந்து உண்டு. வினாவை வெற்றிடங்களுடன் முதலில் அனுப்பி, மதிப்புகளைத் தனியே அனுப்புவது. வினாவின் வடிவம் அப்போதே உறுதியாகிவிடுவதால், பின்னர் வருவது எதுவாயினும் வெறும் மதிப்பாகவே கொள்ளப்படும். ஆனால் அவ்வெற்றிடத்தில் மதிப்பைத்தான் வைக்கலாம். எந்தப் புலத்தைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்பது போன்றவற்றை வைக்க இயலாது. அவற்றுக்கு மீண்டும் ஒட்டுவேலைதான்.

இத்தனைக்கும் காரணம் ஒன்று. நிரல் எழுதப்படுவது ஜாவா மொழியில். வினவல் எழுதப்படுவது எஸ்க்யூஎல் மொழியில். ஜாவா நிரலுக்குள் வினவல் ஒரு மேற்கோளாக மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. தமிழ் மட்டும் அறிந்த மெய்ப்புத் திருத்துநர், நூலிடையே வடமொழி மேற்கோள் வந்தால் தொடாமல் கடந்துவிடுவார். அதில் பிழை இருந்தால் அச்சேறிய பிறகு வடமொழி அறிந்த வாசகர் கண்டு சொன்னால்தான் உண்டு. ஜாவாவின் தொகுப்பியும் அவ்வாறே. மேற்கோளுக்கு வெளியே ஒரு புள்ளி பிழைத்தாலும் நிரலை ஏற்காது. மேற்கோளுக்குள் என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

வினவலையும் தொகுப்பி அறிந்த மொழியிலேயே எழுதிவிட்டால் என்ன என்று எண்ணியவர் பலர். 2007இல் மைக்ரோசாஃப்ட் தன் சி ஷார்ப் மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே லிங்க் என்ற பெயரில் வினவலைக் கொண்டுவந்தது. ஜாவா உலகில் 2009இல் கிரைட்டீரியா என்னும் முறை வந்தது. அதில் எழுதியதைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும் என்பது நம் மாணவரின் கருத்து. அவர் எடுத்துக்கொண்டது ஜூக் என்னும் நிரலகம். அது முதலில் தரவுத்தளத்தின் அமைப்பைப் படித்து, அதில் உள்ள ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒவ்வொரு புலத்துக்கும் ஈடான ஜாவா நிரலைத் தானே எழுதிவிடுகிறது. அடியளவு என்னும் புலம் எண் வகை என்றும், பாடலின் முதற்குறிப்பு எழுத்து வகை என்றும் அதற்குத் தெரியும். அடியளவு கபிலருக்குச் சமமா என்று எழுதினால் நிரல் தொகுப்பு நிலையிலேயே நின்றுவிடும். இதனை ஆங்கிலத்தில் டைப் சேஃப்டி என்பர். வகை வழுவாமை என்று இங்கே சொல்லிக்கொள்வோம்.

‘வழு’ என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றேதான் இட்டோம். கணினி முதல் அணுவரை அனைத்தும் தொல்காப்பியத்தில் உள்ளன என்று மேடையேறிச் சொல்வோர் கூட்டத்தில் நாம் இல்லை. அப்படிச் சொல்வது தொல்காப்பியருக்குச் செய்யும் சிறப்பும் அன்று. ஆயினும் கிளவியாக்கத்தை நடத்தியவர் எவருக்கும் இந்த இடத்தில் ஒரு நெருக்கம் தோன்றாமல் இராது. ‘மாடு வந்தான்’ என்பதில் ஒவ்வொரு சொல்லும் சரி. எழுத்துப் பிழை இல்லை. புணர்ச்சிப் பிழை இல்லை. ஆனாலும் திணை வழு. சொற்களைத் தனித்தனியே சோதித்தால் இது அகப்படாது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையிலுள்ள பொருத்தத்தைச் சோதித்தால்தான் அகப்படும். நன்னூலார் எண்ணிக்காட்டும் ஏழு வழுக்களில் வினாவும் விடையும் உள்ளன என்பதும் நினைக்கத்தக்கது. விடை மட்டுமன்றி வினாவும் வழுவக்கூடும் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

நம் மாணவரிடம் இதனைச் சொன்னபோது அவர் குழம்பிப்போனார். “ஐயா, திணை என்றால் குறிஞ்சி, முல்லைதானே? மாட்டுக்கு எங்கிருந்து வந்தது திணை?” என்றார். உயர்திணை, அஃறிணை என்னும் சொல்லிலக்கணத் திணை வேறு, அகத்திணை வேறு. ஒரே பெயரில் இரண்டு பொருள். அன்றே அவர் தம் அட்டவணையில் திணை என்றிருந்த புலத்தின் பெயரை அகத்திணை என்று மாற்றினார். மாற்றியவுடன் நிரலில் ஏழெட்டு இடங்களில் சிவப்புக் கோடு விழுந்தது. பழைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த இடங்கள் அவை. ஒட்டுமுறையில் எழுதியிருந்தால், யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தை நிரப்பித் தேடும் நாள் வரை அது தெரிந்திராது என்றார். அவர் முகத்தில் அப்போதிருந்த நிறைவு, பாடபேதம் ஒன்றைத் தீர்த்த பதிப்பாசிரியரின் நிறைவு.

நிபந்தனை என்பதே இம்முறையில் ஒரு பொருளாகிவிடுகிறது. கையில் எடுக்கலாம், வேறொன்றோடு கூட்டலாம். ஒன்றும் இல்லாத வெறும் நிபந்தனையிலிருந்து தொடங்கி, நிரப்பப்பட்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகலாம். அசைச்சொல் தேவையில்லை. அடைப்புக்குறிகளையும் அதுவே இட்டுக்கொள்கிறது. இது சிறு செய்தி அன்று. கபிலர் அல்லது பரணர் பாடியதும் குறிஞ்சியாகியதும் என்று எஸ்க்யூஎல்லில் அடைப்பின்றி எழுதினால், ‘உம்’ முன்னர்ப் பிணையும். அப்போது கபிலர் பாடியன அனைத்தும், பரணர் பாடியவற்றுள் குறிஞ்சி மட்டும் என்று விடை வரும். கொண்டுகூட்டுப் பொருள்கோள் அறியாத உரைகாரன் கையில் பாட்டு அகப்பட்டது போலத்தான்.

இனி, நம்மைப் பல நாள் உறுத்திய செய்திக்கு வருவோம்.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், நற்றிணைக் குறிஞ்சிப் பாடல்களில் கபிலரின் தனித்தன்மை குறித்து எழுதிக்கொண்டிருந்தார். கபிலர் பாடியன எத்தனை, கபிலர் அல்லாதார் பாடியன எத்தனை என்று செயலியைக் கேட்டார். இரண்டு விடைகளும் வந்தன. இரண்டையும் கூட்டிப் பார்த்தார். நற்றிணைக் குறிஞ்சியின் மொத்தத்துக்குக் குறைந்தது. அச்சு நூலை எடுத்து விரல்விட்டு எண்ணினார். விடுபட்டவை எவை என்று பட்டியலிட்டுக்கொண்டு வந்து நம் மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றும் பாடியவர் பெயர் கிடைக்காத பாடல்.

நிரலில் வகை வழு இல்லை. தொகுப்பி ஏற்றுக்கொண்ட வினவல்தான். ஆனால் எஸ்க்யூஎல்லின் அளவையில் மெய், பொய் என்னும் இரண்டோடு ‘அறியேன்’ என்னும் மூன்றாவதும் உண்டு. 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட் அதனை விரித்து ஆராய்ந்திருக்கிறார். பெயர் இல்லாத இடத்தில் வெறுமை நிற்கிறது. இப்பாடலைப் பாடியவர் கபிலரா என்று கேட்டால் அறியேன் என்னும். கபிலர் அல்லரா என்று கேட்டாலும் அறியேன் என்றே சொல்லும். அது நேர்மையான விடைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ‘வேர்’ என்னும் சொல் மெய் என்று வந்த நிரைகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் பாடல்கள் கபிலர் பக்கமும் இல்லை, மற்றவர் பக்கமும் இல்லை. பெயரில்லாப் புலவர்கள் இரண்டு வாயிலிலும் நிறுத்தப்பட்டுத் திரும்பிப் போனார்கள்.

விடை முற்றிலும் வராதிருந்தால் எவரும் ஐயுற்றிருப்பர். சற்றே குறைந்த விடை, முழுமையான விடையைப் போலவே காட்சி தருகிறது. அழகான அட்டவணை, ஒழுங்கான எண்கள், கீழே மொத்தம். அதனை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிட்டால் பின்வருவோர் அதையே மேற்கோள் காட்டுவர். ஈராயிரம் ஆண்டு தப்பிப் பிழைத்து, ஏட்டில் பெயரை இழந்து, பாட்டை மட்டும் காத்துக்கொண்ட ஒருவர், ஒரு நிபந்தனைத் தொடரில் காணாமற்போவது நமக்குத் தாங்கவில்லை.

அதற்கென்ன, ‘பெயர் அறியாதவர்’ என்றொரு புலவரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அப்பாடல்களை அவர் கணக்கில் எழுதிவிடலாமே என்று அருகிலிருந்த நண்பர் சொன்னார். கூட்டல் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால், ஒரே புலவர் பாடிய பாடல்களைக் காட்டு என்று யாரேனும் கேட்டால், பெயரில்லாதார் அனைவரும் ஒருவராகத் திரண்டு நிற்பர். தொகுத்த பழையோர் இந்தப் பிழையைச் செய்யவில்லை என்பதைக் கருத வேண்டும். குறுந்தொகை 40ஆம் பாட்டுக்குச் செம்புலப்பெயனீரார் என்றும், 41ஆம் பாட்டுக்கு அணிலாடுமுன்றிலார் என்றும் அவ்வப் பாட்டின் தொடரைக் கொண்டே பெயர் அமைந்திருக்கிறது. பெயர் அறியப்படாத நிலையிலும் ஒவ்வொருவரும் வேறு வேறானவர் என்னும் நினைவு அதில் இருக்கிறது. பொதுப்பெயர் ஒன்றை எழுதி அனைவரையும் அதன்கீழ் அடைத்துவிடுவது எளிது. அவர்கள் எளிதானதைச் செய்யவில்லை.

நம் மாணவர் செய்த வழி நமக்குப் பிடித்திருந்தது. ‘கபிலருக்குச் சமமன்று’ என்பதற்கு மாற்றாக, வெறுமையையும் ஒரு மதிப்புப் போலக் கொண்டு ‘கபிலரின் வேறானது’ என்று கேட்கும் தொடர் எஸ்க்யூஎல்லில் உண்டு. முதலில் அதனை இட்டார். அத்தோடு நிற்கவில்லை. பாடியவர் என்னும் கட்டம் எழுத்துச் சரமாக இருப்பதே தவறு என்றார். அதற்கென ஒரு தனி வகையை வகுத்தார். இவர் பாடியது, இவரல்லாதார் பாடியது, பெயர் அறியப்படாதது, எவரேனும் என நான்கே கிளைகள். ஐந்தாவதற்கு இடமில்லாமல் மூடப்பட்ட வகை. இத்தகைய மூடிய வகை ஜாவாவில் 2021இல் வந்தது. 2023இல் வெளிவந்த 21ஆம் பதிப்பில், அதன் கிளைகளுள் ஒன்றுக்கேனும் விடை எழுதாமல் விட்டால் தொகுப்பியே மறுக்கும்படி செய்திருக்கிறார்கள். பெயர் அறியப்படாத பாடல்களை என்ன செய்வது என்று முடிவு செய்யாமல் இனி நிரலை ஓட்டவே இயலாது.

சில வாரங்களில் கலித்தொகையை ஏற்றினோம். ஐவர் பாடியது என்பாரும் உளர்; நல்லந்துவனார் ஒருவரே பாடினார் என்பாரும் உளர். ‘கருத்து வேறுபாடு உடையது’ என்று ஐந்தாம் கிளையைச் சேர்க்கச் சொன்னோம். சேர்த்ததும் மூன்று இடங்களில் நிரல் நின்றது. தேடும் இடம், எண்ணும் இடம், அச்சுக்கு அனுப்பும் இடம். மூன்றாவது இடம் இருப்பதையே மறந்திருந்ததாகச் சொல்லி அவர் சிரித்தார்.

பாடியவரைத் தட்டச்சிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்ததில் இன்னொரு நன்மையும் விளைந்தது. ஔவையார் என்பதைப் பலர் ‘ஒ’ என்னும் எழுத்தையும் ‘ள’ என்னும் எழுத்தையும் அடுத்தடுத்து இட்டு ஒளவையார் என்று எழுதுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. வகைச் சோதனைக்கு இரண்டும் எழுத்துச் சரமே; அது குறை காணாது. இதுபோல் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். அதனைச் சீராக்க யூனிகோடிலேயே வழி உண்டு. ஔகாரத் தட்டச்சுப் பிழைக்கு அவ்வழி உதவாது. மனிதர்தாம் திருத்த வேண்டும்.

அதுபோலவே பாடல் எண்ணும் அடி எண்ணும் இரண்டும் எண் வகை. நற்றிணை 40 வேண்டும் என்பவருக்கு 40ஆம் அடியைக் காட்டினாலும் தொகுப்பி வாய் திறக்காது. அவற்றையும் தனித்தனி வகையாக்கினார். அகநானூற்றைத் தொகுத்தவர் எண்ணுக்குள்ளேயே திணையை வைத்தார் என்று நாம் சொன்னது அவரை மிகவும் கவர்ந்தது. ஒற்றைப்படை எண் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி; 4 முல்லை; 6 மருதம்; பத்து பத்தாய் வருவன நெய்தல். நானூற்றில் இருநூறு பாலை, எண்பது குறிஞ்சி, மற்றவை நாற்பது நாற்பது. அதனை ஒரு கட்டுப்பாடாகத் தரவுத்தளத்தில் எழுதிவைத்து, நாங்கள் ஏற்றிய பாடல்களை அதைக் கொண்டே சரிபார்த்தார்.

அந்த மகிழ்ச்சியில் குறுந்தொகைக்கும் ஒன்று எழுதினார்: நான்கு முதல் எட்டு அடி. 307ஆம் பாட்டையும் 391ஆம் பாட்டையும் தரவுத்தளம் ஏற்க மறுத்துவிட்டது. இரண்டும் ஒன்பதடி. “ஐயா, இந்த இரண்டையும் என்ன செய்ய?” என்று தொலைபேசியில் கேட்டார். விதியை எழுதியவர்களே வழுவமைதி என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் தம்பி, அவ்விரண்டையும் எண் சொல்லி விலக்கு என்றோம். அவ்வாறே செய்திருக்கிறார். புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றுக்கு நிரையே வேண்டாமா, நிரை வைத்துப் பாட்டை வெறுமையாக விடுவதா என்று ஒரு மாலை முழுவதும் பேசினோம். நிரை இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இழந்தது இன்னதென்று எண்ணாவது இருக்க வேண்டும் அல்லவா?

ஆய்வு மாணவி இப்போது வேறொன்று கேட்கிறார். பாட்டின் தொடரால் பெயர் பெற்ற புலவர்களை மட்டும் தனியே எடுக்க வேண்டுமாம். நான்கில் தொடங்கி ஐந்தான கிளைகளில் அதற்கு இடமில்லை. இயற்பெயரா தொடர்ப்பெயரா என்று துணிய முடியாதவை சில உள்ளன. பட்டியலை அவரே எழுதிக்கொண்டிருக்கிறார். நம் மாணவர் பொங்கல் விடுமுறைக்கு ஊர் வருகிறார்.